கொட்டிலில் பிறக்கும் கன்று

மரக்காணத்து உப்பளங்களில் தை பிறந்ததும் பாத்திகளை மிதித்துச் செப்பனிட்டு, உவர்நீர் பாய்ச்சி, பங்குனி சித்திரை வெயிலில் உப்பு வாரி வரப்போரம் வெள்ளைக் குவியல்களாகச் சேர்த்து வைக்கும் உழைப்பாளிகள், தாங்கள் வாரும் உப்பு சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் போவதை நன்கு அறிவார்கள். அதே உப்பை நாடி யானை என்னும் பேருயிர் நள்ளிரவில் மலைக்குகைக்குள் நுழைகிறது என்பதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே. கென்யா நாட்டின் மேற்கெல்லையிலுள்ள எல்கன் மலையில் கிட்டம் என்று ஒரு குகை உண்டு. சுமார் 200 மீட்டர் ஆழத்துக்கு மலையைக் குடைந்து செல்லும் அந்த இருளுக்குள் ஆப்பிரிக்க யானைகள், துதிக்கையால் தரையைத் தடவித் தடவி வழி கண்டு, தந்தத்தால் சுவரைக் குத்திப் பெயர்த்து, உப்புச் சத்துள்ள கல்லைக் கடைவாயில் இட்டு அரைத்துத் தின்கின்றன. குகையினுள்ளே ஆழ்ந்த பிளவொன்றும் இருப்பதால், கூடச் செல்லும் கன்று தாயின் காலை ஒட்டியே நடக்கவேண்டும். உப்பு எங்கே இருக்கிறது, எவ்வழியே போகவேண்டும், எவ்விடத்தில் காலூன்றலாகாது என்பவையெல்லாம் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து கன்றுக்கும், ஏடும் எழுத்தும் இல்லாமல், உடம்போடு உடம்பு உராயும் பழக்கத்தினாலேயே பரம்பரையாக வந்து சேர்கின்றன.

அமெரிக்க நாட்டின் மிருகக்காட்சிசாலை ஒன்றில் பிறக்கும் ஆப்பிரிக்க யானைக்கன்றுக்கும் உப்புக் குறைவதில்லை. கொட்டிலின் மூலையில் தாதுக்கள் கலந்த உப்புக்கட்டி இருக்கும். பிறந்த நாள் முதல் மருத்துவர் இருப்பார். எடை பார்க்கத் தராசும் இரத்தம் பார்க்கச் சோதனைச்சாலையும் இருக்கும். அக்கன்றுக்குக் குறைவது எது, அக்குறையைத் தெரிந்துகொண்டே அதனைப் பிறப்பிப்பது தர்மமாகுமா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

இது கடல்கடந்த நாட்டாரின் கவலை, உப்புக் காய்ச்சும் கரைக்கு இதனோடு என்ன சம்பந்தம் என்று நினைக்கவேண்டுவதில்லை. மரக்காணத்தை அடுத்த குரும்புறத்தில், காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலைச் சேர்ந்த சந்தியா, இந்து, ஜெயந்தி என்னும் மூன்று பெண் யானைகள் சில ஆண்டுகள் வைத்துப் பராமரிக்கப்பட்டன. பின்னர் 2019-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, திருச்சிராப்பள்ளிக்கு அருகே எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை அமைத்த யானைகள் மறுவாழ்வு மையத்துக்கு அவை கொண்டு செல்லப்பட்டன. காட்டில் பிறக்கும் பெண் யானையின் வாழ்க்கையென்பது தாய், தமக்கை, சிற்றன்னை, கன்று என்னும் உறவுகளாலேயே நெய்யப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில் யானையோ பெரும்பாலும் பெண்ணாயிருந்தும் தாய்மை அறியாமலேயே கிழமெய்துகிறது. நம் நாட்டுக் கோயில்கள் யானையைப் பழக்கின, அலங்கரித்தன, வணங்கின. கன்று ஈனச் செய்யவில்லை. வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைகள் கன்று ஈனச் செய்வதையே தங்கள் கடமையாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஒரே உயிரைக் குறித்து மனிதன் செய்துள்ள இவ்விரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி விஷயம் தெளிவாகாது.

யானையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 மாதங்கள். அதற்குப் பின்னும் கன்று ஆண்டுக்கணக்கில் பால் குடிக்கும். இதனாலேயே நம் முன்னோர், வேண்டும் யானையைக் குழி வெட்டியும் வளைத்தும் காட்டிலிருந்து பிடித்தார்களேயன்றி, கொட்டிலில் கன்று ஈனச் செய்து வளர்க்கும் வீண் செலவை விரும்பவில்லை. அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளும் வெகுகாலம் பிடித்துவந்த யானைகளைக் கொண்டே நடந்தன. பிடித்துவருவதற்குத் தடைகள் பெருகியபின், தங்களிடமுள்ள மந்தை முதுமையடைந்து அருகிவருவதைக் கண்டு, எந்தப் பெண்ணை எந்த ஆணோடு சேர்ப்பது என்பதைத் தேசமளாவிய வம்சாவளிப் பதிவேட்டைக் கொண்டு தீர்மானிக்கும் ஏற்பாடு வந்தது. அயலூரிலுள்ள ஆண் யானையின் விந்தைக் குளிரூட்டிக் கொண்டுவந்து செயற்கைக் கருவூட்டல் செய்யும் முறை கைகூடி, 2000-ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரில் அம்முறையால் முதல் ஆப்பிரிக்கக் கன்று பிறந்தது. ஆயினும் பிறப்பு இறப்புக்கு ஈடாகவில்லை போலும். 2003-ஆம் ஆண்டில் சுவாசிலாந்து நாட்டிலிருந்து 11 யானைகள் விமானத்தில் சான் டியகோவுக்கும் டாம்பாவுக்கும் வந்தன. 2016-இல் மீண்டும் அந்நாட்டிலிருந்தே 17 யானைகள் டல்லஸ், ஒமாஹா, விச்சிட்டா நகரங்களுக்கு வந்து சேர்ந்தன. பூங்காவில் இடமில்லை, வறட்சி வேறு, அனுப்பாவிட்டால் கொல்லவேண்டி வரும் என்பது அனுப்பியவர்கள் சொன்ன காரணம்.

இவ்வாறு கன்று ஈனச் செய்பவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. தந்தத்துக்காக யானைகள் கொல்லப்படும் உலகில் ஒரு சேமநிதிபோல் சில யானைகளை வேறிடத்தில் காப்பது நன்று என்கிறார்கள். யானையின் மூச்சுக்காற்றை அருகே நின்று உணர்ந்த குழந்தை, வளர்ந்தபின் காட்டு யானைக்காகப் பரிந்து பேசும் என்கிறார்கள். கர்ப்பந்தரித்தலும் கன்றைப் பேணுதலும் யானைக்கு இயல்பான இன்பங்களாயிருக்க, அவற்றை மறுப்பதும் ஒரு கொடுமையல்லவா என்றும் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வி கனமானது. கோயில்களில் தாய்மையின்றி மூப்படைந்த பெண் யானைகளைக் கண்ட நமக்கு அதன் கனம் மற்றவர்களைவிட அதிகமாகவே தெரியவேண்டும்.

ஆனால் சேமநிதி என்னும் சொல்லுக்கு, எடுத்துச் செலவிடக்கூடியது என்பது பொருள். மிருகக்காட்சிசாலையில் பிறந்த ஆப்பிரிக்கக் கன்றுகளைக் கொண்டு ஆப்பிரிக்கக் காடு நிரப்பப்படவில்லை. அவை ஒரு கொட்டிலிலிருந்து மற்றொரு கொட்டிலுக்கே போகின்றன. கிட்டம் குகைக்கு வழி தெரியாத தாய்க்குப் பிறந்து, வழி தெரியாமலே வளர்ந்த யானையைக் காட்டில் கொண்டு விட்டால், அதனிடம் யானையின் உடம்பு இருக்கும். அந்த உடம்பைக் காட்டில் வாழவைக்கும் வித்தை இராது.

இனி ஆயுளைப் பார்ப்போம். ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளிலிருந்த யானைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் சுமார் 17 ஆண்டுகளே என்றும், கென்யாவின் அம்போசெலிக் காட்டில் மனிதனால் கொல்லப்படாத பெண் யானைகளுக்கு அது 56 ஆண்டுகள் என்றும் கண்டது. அதன்பின் கொட்டில்கள் விரிந்திருக்கின்றன, தரைக்கு மணல் வந்திருக்கிறது, கணக்குச் சற்றுத் திருந்தியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எனினும் வேட்டைக்காரனும் வறட்சியும் சிங்கமும் இல்லாத இடத்தில், மருத்துவர் காவலிருக்கும் இடத்தில், ஆயுள் நீளவேண்டியதிருக்கக் குறைந்ததேன்?

விடையின் ஒரு பகுதி காலிலே இருக்கிறது. யானையின் பாதத்தை ஏந்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடியில் கொழுப்பும் நாரும் சேர்ந்த மெத்தை, அதன்மேல் வெடிப்பு வெடிப்பாகக் கோடோடிய தடித்த தோல், விளிம்பில் வரிசையாக நகங்கள். நாள்தோறும் மண்ணிலும் சேற்றிலும் கல்லிலும் காததூரம் நடந்து தேய்வதற்காக அமைந்த உறுப்பு அது. நடவாமல் சிமெண்டுத் தரையில், தன் மூத்திரத்தின் ஈரத்திலேயே நின்றால், தோல் தேயாமல் தடித்து, நகம் பிளந்து, பிளவில் சீழ் கோத்து, எலும்புவரை இறங்கும். உப்பளத்தில் உவர்நீரில் நின்று நின்று வெடித்துப்போன கால்களைக் கண்ட மரக்காணத்து மக்களுக்கு இந்த வேதனையை விவரித்துச் சொல்லவேண்டுவதில்லை. அவர்களுக்கு மழைக்காலம் வந்து பாத்தி மூழ்கினால் காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. கூலியில்லாத ஓய்வுதான், ஆயினும் ஓய்வு. கட்டிப்போட்ட யானைக்குப் பருவம் மாறினாலும் தரை மாறுவதில்லை.

பெரிதும் பேசப்படாத இன்னொன்று ஆண் கன்றின் கதி. பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும். இயற்கை அவ்விஷயத்தில் யாருடைய திட்டத்துக்கும் இணங்குவதில்லை. காட்டில் ஆண் யானை பன்னிரண்டு, பதினைந்து வயதளவில் தாய் மந்தையைவிட்டு விலகி, மூத்த ஆண்களின் சகவாசத்தில் அடக்கம் கற்று, மதகாலத்தில் வெகுதூரம் அலைந்து திரியும். கொட்டிலில் அதற்குத் தனியறை, தடித்த இரும்புக் கம்பி, பின்பு வேறொரு நகரத்துக்கு மாற்றம், அங்கும் தனியறை. தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் பெண் யானையை நாடியதும் ஆணின் மதத்துக்கு அஞ்சியே. கன்று பிறந்த செய்தி கேட்டுக் கொண்டாடும் கூட்டத்தில், அது ஆணானால் இருபதாம் வயதில் எங்கே நிற்கும் என்று கேட்பவர் ஒருவராவது இருக்கவேண்டும்.

ஆயினும் மனிதர் வசத்திலுள்ள யானை கன்று ஈனுவதே பாவம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் இயலாது. தமிழ்நாட்டின் அனுபவமே அதற்குக் குறுக்கே நிற்கிறது. முதுமலைத் தெப்பக்காட்டிலும் ஆனைமலை முகாமிலும், பகலில் வேலைசெய்த யானைகளை மாலையில் சங்கிலியை இழுத்துக்கொண்டே காட்டில் மேயவிடும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. ராகியும் கொள்ளும் வெல்லமும் உப்பும் சேர்ந்த கவளத்தைத் தின்றுவிட்டுக் காடேகும் பெண் யானை, தான் விரும்பிய காட்டுக் கொம்பனோடு கூடிச் சினைகொண்டு, முகாமில் மற்றப் பெண் யானைகள் சூழ்ந்து நிற்கக் கன்று ஈன்றது. வனத்துறைக் கால்நடை மருத்துவராயிருந்து தம் வாழ்நாளையே யானைகளுக்கு ஈந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியும் பேராசிரியர் ஆர். சுகுமாரும் பிறரும் சேர்ந்து அம்முகாம்களின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட முடிவு, மேலை நாட்டு மிருகக்காட்சிசாலைகளைவிட இம்முகாம்களில் யானைகள் நன்கு பெருகின என்பதாகும். அந்த முகாம்களின் பெண் யானைக்கும் காலில் சங்கிலி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எந்தக் கொம்பன், எந்த இரவு, கூடுவதா விலகுவதா என்பவை அதன் இச்சைக்கே விடப்பட்டிருந்தன. பிறந்த கன்றின் கண்ணெதிரே காடு இருந்தது. பதிவேடு சொன்ன நாளில் குழாய் செலுத்திக் கருவூட்டப்படும் யானையின் தாய்மையை இதனோடு ஒன்றாக எண்ணி, இயல்பான இன்பத்தை அருளிவிட்டோம் என்று சொல்வது சரியன்று.

இக்கேள்வியை எடைபோடப் பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்கு உரிய சொல் ஒன்று உண்டு: ஜீவகாருண்யம். மரக்காணமும் வடலூரும் அந்த ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தவை. 1867-இல் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது, அச்சொல்லுக்கு அவர் தந்த முதற்பொருள், கண்முன் பசித்து நிற்கும் உயிரின் பசியை நீக்குவது என்பதே. துன்பப்படும் உயிர் முன்னே நிற்கிறது. காருண்யம் பின்னே பிறக்கிறது. காருண்யம் காட்டுவதற்கென்று ஓர் உயிரைச் சிறையில் உண்டாக்கி, அதன்பின் அதற்கு நல்ல உணவும் மருந்தும் அளிப்பது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது. இன்று உயிரோடிருக்கும் யானைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. இறுதி மூச்சுவரை அதைத் தீர்த்தே ஆகவேண்டும். பிறவாத கன்றுக்கு நம்மீது கடனில்லை. பிறப்பித்தால்தான் கடன் ஏறுகிறது.

நீதிமன்றங்கள் இதைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐந்து முதிய ஆப்பிரிக்கப் பெண் யானைகளுக்காகத் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவை, யானை சட்டத்தின் கண்ணில் ஆளாகாது என்று சொல்லி அம்மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளிவிட்டது. இந்தியாவிலோ மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009-லேயே, யானைகளை மிருகக்காட்சிசாலைகளில் வைக்கலாகாது, வனமுகாம்களுக்கு அனுப்பவேண்டும் என்று பணித்தது. அந்த உத்தரவுக்குப் பின்னும் தில்லியில் ஷங்கர் என்னும் ஆப்பிரிக்க ஆண் யானை நின்றுகொண்டிருந்தது. ஜிம்பாப்வே நாடு நம் ஜனாதிபதியாயிருந்த சங்கர் தயாள் சர்மாவுக்கு அன்பளிப்பாகத் தந்த கன்று அது. 1998-இல் துணையோடு வந்தது. சில ஆண்டுகளில் துணை இறந்தது. அதன்பின் தன்னினத்தின் குரலை ஒருமுறையேனும் கேளாமல், 2025 செப்டம்பரில், முப்பது வயது நிரம்புமுன் அதுவும் மாண்டது.

ஷங்கரின் கதியே, கன்று ஈனச் செய்வதை நிறுத்தவேண்டும் என்பவர்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் மிகக் கடினமான ஆட்சேபம். கன்றுகள் பிறவாவிடில் மந்தை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒரு யானை தனியே நிற்குமே, அதற்கு யார் துணை என்று கேட்கிறார்கள். ஆனால் துணைக்காக ஒரு கன்றைப் பிறப்பித்தால் நாளை அக்கன்றின் துணைக்கு மற்றொன்று வேண்டும். அந்தக் கணக்குக்கு முடிவில்லை. மேலும், ஒவ்வொரு நகரமும் தன் யானை தன்னூரிலேயே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்வதால்தான் தனிமை உண்டாகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் இறுதியில் காலைநடையின்போது வீதியிலேயே விழுந்து இறந்ததும், ஊரே திரண்டு அழுது மாலையிட்டுத் தூக்கிச் சென்றது. அந்த அன்பு மெய்யானது; அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள விரும்பும் அந்த அன்பே, யானை உயிரோடிருக்கையில் அதை வேறு யானைகளுள்ள இடத்துக்கு அனுப்பிவைக்கவும் மனங்கொள்ளவேண்டும். அதுதான் வருத்தமான காரியம். கோயில்கள் இனிமேல் புதிதாக யானை பெறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் கூறியபோது பலருக்கு நெஞ்சு நொந்ததும் இதனாலேயே.

குரும்புறத்து மூன்று யானைகளும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றபின், வெவ்வேறிடங்களில் தனித்து வாழ்ந்த வேறு யானைகளும் எம்.ஆர். பாளையத்துக்கு வந்துசேர்ந்தன. அங்கே கன்று ஈனும் திட்டம் ஏதுமில்லை. அமெரிக்க நகரங்களும் தங்கள் முதிய யானைகளை இவ்வாறு ஓரிடத்தில் ஒன்றுசேர்த்து, மண்தரையும் குளமும் நிழலும் கொடுத்து, பதிவேட்டில் புதுப் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டால், கடைசி யானையின் காலம் வர இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் தீவனத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை, பார்க்கவரும் குழந்தைகளின் கட்டணம் இல்லாமலே, அந்நகரங்கள் தாங்கவேண்டியிருக்கும்.