தன் பெயருக்குத் தானே தடை

சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் உள்ளே போக 100 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டியிருந்தது. 2019-ல் அது 150 வெள்ளி ஆனது.

வரிக்குப் பயந்து சிலர் திரும்பிவிடுவார்கள். பழக்கம் முற்றியவர் கடன் வாங்கியாவது கட்டுவார். அப்படிப்பட்டவருக்கு உண்மையில் கைகொடுப்பது இன்னொரு ஏற்பாடு. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம், ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று அவரே விண்ணப்பிக்கலாம். அதன்பின் வாசலில் அடையாள அட்டையைச் சோதிக்கும்போதே தடை தெரிந்துவிடும். ஏமாற்றி நுழைந்து ஜெயித்தாலும் அந்தப் பணம் கைக்கு வராது. மனம் மாறிவிட்டது என்று மறுவாரமே தடையை நீக்கவும் முடியாது. குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். சம்பளம் கைக்கு வந்த இரவில், ‘இன்றைக்கு மட்டும்’ என்று மனம் அரிக்குமே, அந்த நேரத்துக்கு இந்த ஓராண்டு பெரிய துணை.

முழுத் தடை வேண்டாம் என்பவர், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டாருக்கும் இதில் உரிமை உண்டு என்பதுதான் மனதுக்கு ஆறுதல். கணவரின் ஆட்டத்தால் வாடகைப் பணத்தை இழந்த மனைவி, அவருக்குத் தடை கேட்டு விண்ணப்பிக்கலாம்; பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும்கூட. மதிப்பீட்டுக் குழு விசாரித்து முடிவெடுக்கும். கூடவே, ஆலோசனைக்குப் போகும்படியும் அவருக்கு உத்தரவிடலாம்.