நிழல் யார் கணக்கில்?

மயாமி கடற்கரையில் அடுத்தடுத்து இரண்டு ஆடம்பர ஓட்டல்கள். தெற்கே ஃபோன்டென்ப்ளோ, வடக்கே ஈடன் ராக். 1950களின் இறுதியில் ஃபோன்டென்ப்ளோ பதினான்கு மாடிக்குப் புதிதாக ஒரு பகுதியை எழுப்பத் தொடங்கியது. குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குமேல் அதன் நிழல் ஈடன் ராக்கின் நீச்சல் குளத்தின்மேல் விழும். வெயில் காயத்தானே ஆட்கள் அங்கே காசு கொடுத்துத் தங்குகிறார்கள்? விவகாரம் நீதிமன்றம் போனது. 1959-இல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பக்கத்து நிலத்தைத் தாண்டி வரும் வெயிலுக்கு யாருக்கும் சட்டப்படி உரிமை கிடையாது. கட்டடத்தால் உருப்படியாக ஒரு பயன் இருந்தால் போதும். கட்டியவர் மனதில் பக்கத்துக்காரர் மேல் கொஞ்சம் கடுப்பு இருந்தாலும் பரவாயில்லை.

தமிழில் யோசிக்கிறவருக்கு இந்த வழக்கே வேடிக்கையாகத்தான் இருக்கும். நமக்கு நிழல் என்பது வரம். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் ஆதரவில் வாழ்வதைக்கூட ‘அவர் நிழலில் இருக்கிறேன்’ என்கிறோம். நிழல் விழுகிறது என்று யாராவது கேஸ் போடுவார்களா?

போடுவார்கள். நியூயார்க்கில் டிசம்பர் மூன்றாம் வாரம் நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 26 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அங்கே சென்ட்ரல் பார்க் டவர் என்று ஒரு குடியிருப்புக் கோபுரம், 472 மீட்டர். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்: நிழலின் நீளம் சுமார் 970 மீட்டர். அதே கட்டடத்தை அதே நாளில் சென்னையில் நிறுத்தினால் நிழல் சுமார் 350 மீட்டரோடு முடிந்துவிடும், மக்கள் அதன்கீழ் வண்டியை நிறுத்தி வாழ்த்திவிட்டுப் போவார்கள். நியூயார்க்கில் அந்த ஒரு கிலோமீட்டர் நிழல் வடக்கே, சென்ட்ரல் பூங்காவுக்குள் போய் விழுகிறது. ஜனவரிக் குளிரில் பெஞ்சில் வெயில் காய உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு அது வரம் இல்லை.

பூங்காவின் தெற்கே 57-ஆம் தெருவை ஒட்டி இப்படி ஒரு வரிசையே நிற்கிறது. ‘பில்லியனர்ஸ் ரோ’ என்று பெயர். 432 பார்க் அவென்யூ 426 மீட்டர். அதன் உச்சி வீடு 2016-இல் சுமார் 8.8 கோடி டாலருக்குப் போனது. பூங்காவைப் பார்த்தபடி நிற்கும் 220 சென்ட்ரல் பார்க் சவுத்தில் 2019-இல் ஒரு பென்ட்ஹவுஸ் சுமார் 23.8 கோடி டாலருக்கு விற்றது. அமெரிக்காவில் அதுவரை எந்த வீட்டுக்கும் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வாங்கிய நிதி நிறுவன அதிபர் அப்போது சிகாகோவாசி.

அவ்வளவு காசுக்கு என்னதான் விற்கிறார்கள்? பளிங்கும் குளியல் தொட்டியும் நாலாவது மாடியிலும் வைக்கலாம். உச்சியில் மட்டும் கிடைப்பது வெளிச்சமும் பார்வையும். அந்தப் பார்வையில் தெரிவது 843 ஏக்கர் பொதுப் பூங்கா. 1850களில் செனிகா வில்லேஜ் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு உட்பட அங்கிருந்தவர்களை எல்லாம் அப்புறப்படுத்தி, மக்கள் பணத்தில் உருவாக்கிய பூங்கா அது. கோபுரத்தைக் கட்டியவர் அதில் ஒரு புல்லைக்கூட நட்டதில்லை. ஆனால் அந்தப் பச்சை இல்லையென்றால் 23.8 கோடியும் இல்லை. விற்கும் சரக்கை எங்கே எடுத்தார்களோ அந்த இடத்துக்கே நிழலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

இதெல்லாம் சட்டப்படிதான் நடந்தது. நியூயார்க்கில் ஒரு மனைக்கு இவ்வளவு தளப்பரப்பு என்று கணக்கு உண்டு. பக்கத்துக் கட்டடம் தன் பங்கை முழுதாகப் பயன்படுத்தவில்லையென்றால் மிச்சத்தை ‘ஏர் ரைட்ஸ்’ என்று விலைக்கு வாங்கி உங்கள் தலைமேல் அடுக்கிக்கொள்ளலாம். இயந்திரங்கள் வைக்கும் தளங்கள் கணக்கிலேயே வராது. 432 பார்க் அவென்யூவில் ஏறத்தாழ கால்வாசித் தளங்களில் மனிதர் யாரும் குடியில்லை. இயந்திரங்களும் காற்று புகுந்து போகும் வெற்றிடங்களும்தான். அவை மேலே இருக்கும் வீடுகளை இன்னும் மேலே தூக்குகின்றன. மென்பொருள்காரர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும்: ஸ்பெக்கில் எழுதியதை ஒரு வரி மீறாமல், அதை எதற்காக எழுதினார்களோ அதை மட்டும் காலி செய்வது. 2019-இல்தான் நகரசபை விழித்துக்கொண்டு, குடியிருப்பு மண்டலங்களில் 25 அடிக்கு மேல் உயரமான வெற்றுத் தளங்களைக் கணக்கில் சேர்த்தது. விதிகளுக்குள் கட்டுவதால் இந்தக் கோபுரங்களில் பலவற்றுக்குப் பொது விசாரணையே தேவைப்படவில்லை.

‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்கிற கதைதானே இது?’ என்று நீங்கள் கேட்கலாம். பழம் புளிக்காது. மேகம் ஜன்னலுக்குக் கீழே போவதைப் பார்த்தபடி காபி குடிக்க எனக்கும் ஆசைதான். ஆசைப்படத்தக்க ஒன்று என்பதால்தான் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கட்டுகிறவர்கள் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு. கோபுரம் ஒல்லி, 432 பார்க் அவென்யூவின் அகலம் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். எனவே நிழலும் ஒல்லி. கடிகார முள் மாதிரி நகர்ந்து போய்விடும். பெஞ்சில் இருப்பவருக்குப் பத்து நிமிடமோ என்னவோ. இதற்குப் போய் அநியாயம், அக்கிரமம் என்றெல்லாம் பேசலாமா?

1984-இல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் டெரெக் பார்ஃபிட் ஒரு கற்பனையை வைக்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஒரு அழுத்தலுக்கு ஒவ்வொரு கைதிக்கும் கூடும் வலி, உணரவே முடியாத அளவு சின்னது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தால் வலி தாங்க முடியாது. யாரைக் கேட்டாலும் ‘நான் செய்ததால் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லையே’ என்பார். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து ஒரு கொடுமையைச் செய்துவிட்டார்கள். பத்து நிமிட நிழல் சித்திரவதை ஆகாது, அது தெரியும். நான் எடுத்துக்கொள்வது அந்தக் கணக்கு முறையை. என் நிழல் பத்து நிமிடம்தான் என்று வரிசையில் நிற்கும் ஒவ்வொரு கோபுரமும் சொல்லலாம். பெஞ்சில் இருப்பவர் வாங்கிக்கொள்வது கூட்டுத்தொகையை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1987 அக்டோபரில் பூங்காவின் தென்மேற்கு முனையில் வரவிருந்த கோபுரங்களை எதிர்த்து, எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் பூங்காவில் திரண்டு கறுப்புக் குடைகளை விரித்தார்கள். நிழல் எப்படி விழும் என்று காட்டிய அழகான போராட்டம். அந்த எதிர்ப்பின் முகமாக இருந்தவர் ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ். அவர் வீடு ஐந்தாம் அவென்யூவில், பூங்காவைப் பார்த்த அடுக்குமாடியில். ஏற்கெனவே வெயிலில் இருப்பவர்களுக்கு நிழலை எதிர்ப்பது சுலபம். ‘எங்கள் வெயில் போய்விடும்’ என்று சொல்லி ஏழைகளுக்கான வீடுகளையும் தடுத்துவிட முடியும். உயரமே பாவம் என்று சொல்லப் போனால் கடைசியில் அங்கேதான் போய் நிற்போம்.

பிராங்க்ஸில் கோ-ஆப் சிட்டி இருக்கிறது. 35 கோபுரங்கள், 15,372 வீடுகள், நடுத்தர வருமானக் குடும்பங்களுக்காகக் கட்டியவை. அவையும் நிழல் போடுகின்றன. அந்த நிழலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். 432 பார்க் அவென்யூவின் நிழலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நூற்றுச் சொச்சம் வீடுகள். அவற்றிலும் சில, முதலாளி ஊருக்கு வந்தால் மட்டும் விளக்கெரிபவை. நிழலின் நீளத்தை அளந்து நிறுத்தாமல், அது எத்தனை பேருக்குக் கூரையாகிறது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். கோ-ஆப் சிட்டியின் நிழலை நான் மறுபேச்சில்லாமல் பொறுத்துக்கொள்வேன். அதில் எனக்கு வீடு இல்லாவிட்டாலும்.

2021-இல் 432 பார்க் அவென்யூவின் குடியிருப்போர் சங்கம் கட்டியவர்கள்மேல் வழக்குத் தொடுத்தது. தண்ணீர்க் கசிவு, நின்றுபோகும் லிஃப்ட், காற்றடித்தால் கட்டடம் போடும் சத்தம் என்று நீண்ட பட்டியல். கேட்ட இழப்பீடு 12.5 கோடி டாலர். இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கம் கெட்டால் யாருக்கும் தூக்கம் கெட்டதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே இருப்பவருக்கு ஒரு குறை என்றால் ஒப்பந்தம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், தொகையும் இருக்கிறது. கீழே பெஞ்சில் இருப்பவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் இழப்பு பத்து நிமிடம். மனு எழுதும் நேரம்கூட ஆகாது. வழக்காட ஆள் இல்லாத நஷ்டத்தை, நஷ்டமே இல்லை என்று எழுதிவைப்பது ரொம்பச் சுலபம்.

தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த தியோஜீனஸிடம் என்ன வேண்டும் என்று அலெக்ஸாண்டர் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி நில், வெயிலை மறைக்கிறாய் என்றாராம் அவர். ஞானியின் திமிருக்காகவே இந்தக் கதையைச் சொல்லி வருகிறோம். அதில் அலெக்ஸாண்டருக்கு இருந்த ஒரு வசதியை யாரும் கவனிப்பதில்லை. அவரால் நகர முடிந்தது. 472 மீட்டர் கான்கிரீட்டால் முடியாது. இன்னும் நூறு வருடத்துக்கு அது அங்கேயே நிற்கும். அதனால் நிழலைப் பற்றிய கேள்வியை அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே கேட்டாக வேண்டும். கேட்கும் இடத்தில் பெஞ்சுக்காரருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.