ஒட்டுக்குக் கீழே

சியாட்டில் பக்கம் வீடு வாங்கிய வருஷம், நர்சரியிலிருந்து ஒரு ஜப்பானிய மேப்பிள் கொண்டுவந்து நட்டேன். 'பிளட்குட்' என்ற வகை. துளிர்க்கும்போதே கருஞ்சிவப்பு. பராமரிப்பு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேர் மேலாகவே ஓடும், அதனால் அடியில் மரப்பட்டைத் துண்டுகளால் மூடாக்கு. தண்ணீர் தேங்கக் கூடாது. பிற்பகல் வெயில் ஆகாது.

2021 ஜூன் 28 அன்று இங்கே 42 டிகிரி. இலைகளெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டன. அடுத்த வசந்தத்தில் மேலே இரண்டு கிளைகள் பட்டுக் கிடக்க, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விறுவிறுவென்று ஒரு தளிர் கிளம்பியது. பச்சை இலை.

தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. பிளட்குட்டின் விதையைப் போட்டால் பிளட்குட் வராது, ஒவ்வொரு கன்றும் ஒரு தினுசாக இருக்கும். அதனால் விதையில் முளைத்த சாதாரணப் பச்சை மேப்பிளின் தண்டில் இதன் குச்சியை ஒட்டுக் கட்டுகிறார்கள். நம்மூர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். நான் ஒரு மரம் என்று நினைத்தது இரண்டு மரம். கீழ்மரம் தளிர்விட்டால் உடனே வெட்டச் சொல்கிறார்கள். விட்டால் அது வேகமாக வளர்ந்து மேல்மரத்தை அமுக்கிவிடும்.

கத்தரியோடு போய் நின்றேன், கை வரவில்லை. மரத்துக்கு வலிக்கும் என்றெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் தண்ணீர் முழுக்க இழுத்துக் கொடுப்பது அது. அதன் வேர் வேண்டும், இலை மட்டும் கூடாது. இது என்ன நியாயம்? சரி, வெட்டாமல் விடலாம் என்றால், பிளட்குட்டுக்குச் சொந்த வேர் கிடையாது. சும்மா நிற்பதும் ஒரு முடிவுதான், அதில் சாவது வேறொன்று.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் அக்கா பி.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவளே முடிவெடுத்தாள் என்றுதான் வீட்டில் சொல்லிவந்தோம். மரத்தை யாரும் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டோமா என்று இப்போது யோசித்தால், அதுவும் ஞாபகத்தில் இல்லை.

வீடியோ காலில் தளிரைக் காட்டினேன்.

"கிள்ளிப் போட வேண்டியதுதானேடா. மாங்கன்னுல அப்பா அதத்தான செய்வாரு? செவப்புக்கு என்ன பேரு சொன்ன?"

"பிளட்குட்."

"கீழ இருக்கறதுக்கு?"

கிளையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நர்சரி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"போடலக்கா."

சிரித்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து வெட்டினேன். இந்த வருஷமும் அதே இடத்தில் துளிர்த்திருக்கிறது.