மறந்துவிடும் பிள்ளை

தமிழ் படிப்பிப்பவர்களுக்கு "நான் சென்ற சுற்றுலா" என்ற கட்டுரைத் தலைப்பு மிகப் பழக்கமானது. விடிகாலையில் எழும்பி, ஆயத்தமாகி, பஸ்ஸில் பாட்டுப் பாடி, பல இடங்களையும் கண்டுகளித்து, கடைசியில் "மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்று அது முடியும். உயிலங்குளத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எழுதப் பழக்கியவன் நான்தான். ஆனால், கடந்த விடுமுறையில் குடும்பத்துடன் கொழும்புக்குப் போய்வந்த பிறகு, அந்தக் கடைசி வரிக்குச் சரி அடையாளம் போடும்போது கை சற்றுத் தயங்குகிறது. ஏன் என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மகளுக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. பயணத்துக்கு முன்பே சக ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "சேர், இந்த வயசில கூட்டிக்கொண்டு போய் என்ன பிரயோசனம்? அவவுக்கு ஒண்டும் ஞாபகம் இருக்காது. காசுதான் நட்டம்." நான் சிரித்துவிட்டு, சீட்டுக்காசை எடுத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினேன். ஆனால் அவர் சொன்ன "ஞாபகம் இருக்காது" என்ற சொல் என்னோடு கூடவே வந்தது.

முதலில் தேசிய நூதனசாலை. 1877 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். ஆளுநர் வில்லியம் கிரகறி, "என்ன வெகுமதி வேண்டும்?" என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடியே கிடந்தது. இந்தக் கதையை நான் மகளுக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ முற்றத்து ஆலமரத்தடியில் குந்தியிருந்து விழுந்த பழங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "உள்ளுக்குப் போவம் வாங்க, நேரமாகுது" என்று இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்தது அரசர்களின் சிம்மாசனம். அவளுடைய கையில் இருந்தது நாலு ஆலம்பழம்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலும் இதே கதைதான். சிங்கம் படுத்துக் கிடந்தது. அவளுக்குச் சிங்கத்தில் அக்கறை இல்லை. கூட்டுக் கம்பிகளுக்கிடையே நுழைந்து உணவைக் களவெடுத்துக்கொண்டு பறந்த காகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காகத்த ஊரிலயும் பார்க்கலாம்தானே" என்றேன். "இது உள்ளுக்கும் போகுது, வெளியாலயும் வருது வாப்பா" என்றாள். அந்த விடை எவ்வளவு பெரிது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் காலிமுகத்திடல். இந்தக் கடற்கரை நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதனைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லொன்றில் பொறித்துவைத்தார். அந்த இடத்தில்தான் நான் என் பிள்ளையை அடித்தேன். நாள் முழுக்க நடந்த களைப்பில் அவள் அழுதாள். தாமரைக் கோபுரமும் கடலும் ஒன்றாக விழும்படி ஒரு படம் எடுக்க நான் மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் முகத்தைத் திருப்பினாள். முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, "சிரி" என்றேன். இறால் வடை வாங்கித் தருவதாகவும் சொன்னேன். சிரித்தாள். படம் மிக அழகாக வந்திருக்கிறது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் சொன்னேன்: "சின்னப் புள்ளதானே, மறந்திரும்." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சக ஆசிரியர் சொன்னதும் இதுதானே! பிள்ளை மறந்துவிடும், ஆகையால் மகிழ்ச்சி கொடுப்பது வீண் என்றார் அவர். பிள்ளை மறந்துவிடும், ஆகையால் அடித்தது குற்றமில்லை என்றேன் நான். ஒரே நியாயத்தின் இரண்டு பக்கங்கள்.

அந்த நியாயம் சரியானதா?

மறப்பாள் என்பது உண்மைதான். வளர்ந்தவர்களின் முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதளவிலேயே தொடங்குகிறது. 2014 இல் அமெரிக்காவின் எமொரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றீசியா பவர் தம் சக ஆய்வாளருடன் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று வயதில் நடந்தவற்றில் 60 வீதத்துக்கு மேல் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. எட்டு, ஒன்பது வயதாகும்போது அது 40 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நினைவு உண்டாகாமல் போகவில்லை. உண்டாகி, இருந்து, பின் அழிகிறது.

ஆனால் அழிவது நினைவுதான். நடந்தது அழியுமா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தவர்களில் நாங்களும் சேர்த்தி. தம்பிக்கு மூன்று வயது. வள்ளத்தில் தண்ணீர் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போய் உம்மாவின் மடியில் கிடந்தான். இன்று அவனுக்கு அந்த இரவில் ஒரு துளியும் நினைவில்லை. அதனால் அவன் தாகம் தாகமில்லை என்றாகிவிடுமா? "சின்னதுகள், மறந்துபோகும்" என்று யாராவது அந்த இரவுக்கு நியாயம் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஒப்புக்கொள்ள மாட்டோம். அப்படியானால் காலிமுகத்திடலில் விழுந்த அடிக்கும் அந்த நியாயத்தைக் கேட்க எனக்கு உரிமையில்லை. இரண்டும் ஒரே அளவானவை என்று சொல்லவில்லை. தராசு ஒன்றுதான் என்று சொல்கிறேன்.

துன்பத்துக்கு அப்படியென்றால் இன்பத்துக்கும் அப்படித்தான். முதுமையில் மறதி நோய் கண்ட தாயைப் பார்க்கப் போகிறோம். நாம் வந்து போனதை அடுத்த நாழிகையில் அவர் மறந்துவிடுவார். அதற்காகப் போகாமல் விடுகிறோமா? அந்த ஒரு நாழிகை முகமலர்ச்சி அவருக்கு முழுமையானது. ஆலம்பழம் எண்ணிய பொழுதும் என் மகளுக்கு அப்படிப்பட்டதுதான். அதை இடைநடுவில் அறுத்தவன் நான், பின்னர் அவள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்றைக் காட்டப்போகிறேன் என்று எண்ணிக்கொண்டு.

இன்னொரு விடயமும் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் பியாஜேயைப் படித்திருக்கிறோம். குழந்தை வயதில் தள்ளுவண்டியில் இருந்த தம்மை ஒருவன் கடத்த முயன்றதும், தாதி போராடிக் காப்பாற்றியதும் அவருக்குக் கண்முன் நிற்கும் நினைவாக இருந்தது. அவருக்குச் சுமார் 15 வயதானபோது, அது தான் கட்டிச் சொன்ன கதை என்று அந்தத் தாதியே ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினாள். நடக்காத ஒன்று பெரியவர்களின் வாயால் பிள்ளையின் நினைவாகிவிட்டது. என் மகளும் நாளை அந்தப் படத்தைப் பார்த்து, "கடற்கரையில எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கேன்" என்பாள். பிள்ளையின் முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் நம்மிடம் இருக்கும் அமானிதம். அவளால் சரிபார்க்க முடியாத கணக்கு அது. சரிபார்க்க ஆளில்லாத கணக்கில்தான் நேர்மை கூடுதலாக வேண்டும்.

பிள்ளையைக் கண்டிக்கவே கூடாதா என்று கேட்கலாம். தெருவுக்கு ஓடும் பிள்ளையை அதட்டுவது பிள்ளைக்காக. நான் அடித்தது படத்துக்காக. பெற்றோருக்கென்று ஓர் ஆசை இருக்கக்கூடாதா என்றும் கேட்கலாம். இருக்கட்டும். அதை "பிள்ளைக்காக" என்று பெயர் மாற்றாமல் இருந்தால் போதும்.

ஊருக்கு வந்து சில நாட்களின் பின், "கொழும்பில என்ன பார்த்தீங்க?" என்று மகளிடம் கேட்டேன். "காகம்" என்றாள். சிங்கத்தை நினைவூட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பவரின் ஆய்வில், பிள்ளை பேசும் போக்கிலேயே போய் "இன்னும் சொல்லு" என்று கேட்ட தாய்மாரின் பிள்ளைகள்தான் பின்னர் கூடுதலாக விரித்துச் சொன்னார்கள். "இன்னும் சொல்லுங்க" என்றேன். காகம் எப்படி உள்ளே போனது, எப்படி வெளியே வந்தது என்று கையை விரித்துக் காட்டினாள். பிறகு, "வாப்பா அடிச்சீங்க" என்றாள். "ஓம், அடிச்சேன். அது பிழை" என்றேன். அவள் மறுபடி காகத்துக்குப் போய்விட்டாள்.

அந்தப் படத்தை மன்னாரில் பிரதி எடுத்து அல்பத்தில் வைத்திருக்கிறோம். பின்பக்கத்தில் திகதியையும், அன்று அவள் அழுததையும், நான் அடித்ததையும் எழுதியிருக்கிறேன். அவள் வாசிக்கும் வயது வரும்போது வாசிக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இந்தத் தவணையில் ஒன்று சொல்லிவிட்டேன்: சுற்றுலாக் கட்டுரையின் கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.