ஐந்து மாதப் பாப்பரசர்

நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், அவரை எந்த நாற்காலியிலும் உட்காரவைத்துவிடலாம் என்று நம்புகிறோம். அருமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஆக்கி, வகுப்பறையிலிருந்தே பிரித்துவிடுகிறோம். அப்படி யாரையாவது பார்க்கும்போதெல்லாம் ஐந்தாம் செலஸ்டின் என் நினைவுக்கு வருகிறார்.

1292இல் பாப்பரசர் நான்காம் நிக்கோலஸ் இறந்தபின், கர்தினால்கள் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிளவுபட்டுக் கிடந்தார்கள். இத்தாலியின் மொரோனே மலையில் தவமிருந்த பியத்ரோ என்ற முதிய துறவி, இனியும் தாமதித்தால் கடவுளின் கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று எச்சரித்தார். 1294 ஜூலையில் அவரையே பாப்பரசராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! அவர்தான் ஐந்தாம் செலஸ்டின். உழவர் வீட்டுப் பிள்ளை. வயது எண்பதை ஒட்டியிருந்தது. கழுதைமேல் ஏறி லாக்கிலா நகருக்குள் வந்தார். கடிவாளம் பிடித்து நடந்தவர் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்லஸ். அந்தப் பிடியை மன்னர் பிறகும் விடவில்லை. ரோமுக்குப் போகவேண்டிய பாப்பரசர் நேப்பிள்ஸில் தங்கினார். புதிதாக நியமித்த 12 கர்தினால்களில் பெரும்பாலோர் மன்னருக்கு வேண்டியவர்கள். ஒரே பதவியைப் பலருக்கு எழுதிக்கொடுத்த குழப்பமும் நடந்தது.

அவரை ஒன்றும் அறியாத அப்பாவி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாம் தொடங்கிய துறவற சபையைக் காப்பாற்ற, முதுமையில் பிரான்சின் லியோன் வரை போய் அங்கீகாரம் வாங்கி வந்தவர் அவர். தாமே நட்டு வளர்த்ததை அவருக்கு நடத்தத் தெரிந்திருந்தது. பிறர் தலையில் ஏற்றியதைத்தான் சுமக்க முடியவில்லை.

நேப்பிள்ஸ் அரண்மனைக்குள்ளேயே மரத்தால் ஒரு சின்னக் குடில் கட்டச்சொல்லி அதற்குள் இருந்தார். பதவியையும் விடாமல் தவத்தையும் விடாமல் இருக்கப் பார்த்த முயற்சி அது. பலகைச் சுவருக்கு வெளியே மனுக்களோடு ஆட்கள் காத்திருக்க, உள்ளே எப்படி ஜெபம் செய்திருப்பார்? இரண்டையும் சேர்த்துவைக்க முடியாது என்று அவருக்கு அங்கேதான் புரிந்திருக்க வேண்டும்.

இரவோடு இரவாக மலைக்கு ஓடிவிடவில்லை அவர். சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டார். பாப்பரசர் பதவி விலகலாம் என்று ஆணை பிறப்பித்தார். டிசம்பர் 13 அன்று, உடல் தளர்ச்சியையும் அறிவுக்குறைவையும் தம் வாயாலேயே காரணமாகச் சொல்லி இறங்கினார். இதைக் கோழைத்தனம் என்றவர்கள் உண்டு. கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகவாசலில் பெயர் சொல்லாமல் நிறுத்திய கோழை இவர்தான் என்பது பலருடைய கருத்து. இன்னொரு கவிஞரான பெத்ரார்க்கோ இதே செயலைக் கொண்டாடினார். நான் பெத்ரார்க்கோ பக்கம். அந்த ஐந்து மாதத்தில் அவர் செய்த மிகச் சிறந்த நிர்வாகம் அந்த விலகல்தான். ஜூலையிலேயே மறுத்திருக்கலாமே என்றால், இது கடவுளின் சித்தம் என்று சுற்றிலும் எல்லோரும் சொல்லும்போது மறுப்பது எளிதல்ல.

அடுத்து வந்த எட்டாம் போனிஃபாஸ், இவரை வைத்து யாரேனும் திருச்சபையைப் பிளந்துவிடுவார்களோ என்று அஞ்சினார். மலைக்குத் திரும்ப விடவில்லை. தப்பியோடியவரைப் பிடித்துவந்து ஃபுமோனே கோட்டையில் அடைத்தார். 1296இல் அங்கேயே உயிர் பிரிந்தது. ஆனால் பாப்பரசர் விலகலாம் என்ற அவருடைய விதியை அதே போனிஃபாஸ் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் சேர்த்தார். 2013இல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோதும் அந்த உரிமை சட்டத்தில் இருந்தது.