கம்பெனி முகம்

கன்னிவாடியில் என் அக்கா மகன் ஒரு பழைய டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறான். 1248 சிசி. பந்தயத்துக்காக அதில் வேறு டர்போ மாட்டப்போகிறான். இரண்டில் எது என்று நான் சொல்ல வேண்டுமாம். ஒன்று பெரியது, பானெட்டைத் திறந்தாலே தெரிந்துவிடும். மற்றது, கம்பெனி ஓட்டின் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்திப் பெரிய சக்கரம் பொருத்தியது. வெளியே அதே வார்ப்பு, அதே எண். இயந்திரங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. அவன் உண்மையில் கேட்டதும் அதுவல்ல.

"நாம ஒண்ணும் பொய் சொல்லலையே மாமா. அவனா நெனச்சுக்கிறான்."

டர்போ செய்வது எளிய காரியம். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம். இதில் எங்கும் தார்மிகப் பிரச்னை இல்லை. பிரச்னை ஓட்டில் இருக்கிறது.

ஆடம்பரம் அசிங்கம், சக்தி உள்ளே இருக்கட்டும் என்கிறான். நம் வட்டத்தில் பேசுகிற பேச்சு மாதிரியே இருந்ததால் கொஞ்சம் மயங்கினேன். (புதுக்கவிதை என்று அச்சாகிறவற்றில் பாதி இதற்கு நேரெதிர்: ஓடு புதிது, சக்கரம் பழையது.) ஆனால் அடக்கம் வேறு, ஒளிப்பு வேறு. அடக்கமானவனுக்கு எதிராளி தேவையில்லை. ஒளிப்பவனுக்கு ஏமாறுகிறவன் ஒருவன் வேண்டும். அவன் சந்தோஷமே அந்த இன்னொருவன் முகத்தில்தான் நிகழ்கிறது.

இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 402 மீட்டர் ஓடும்போது தோற்றத்துக்கு வேலையில்லை. கடிகாரம் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை. ஆக, கம்பெனி முகம் தேவைப்படுவது வீடு திரும்பும் சாலைக்கு.

1995இல் ஸ்பெயினில் கட்டலோனியா ராலியில் டொயோட்டா அணி பிடிபட்டது. டர்போவுக்குப் போகும் காற்று முழுவதும் 34 மில்லிமீட்டர் வளையத்தின் வழியேதான் போக வேண்டும் என்பது விதி. வண்டியில் இருக்கும்போது வளையம் சற்று விலகி, பக்கவாட்டிலும் காற்றை விட்டது. பரிசோதகர் கழற்றும்போது தானாகவே ஒழுங்கான இடத்துக்கு வந்துவிடும். அவ்வருடப் புள்ளிகள் போயின, பன்னிரண்டு மாதத் தடை. தண்டித்த சம்மேளனத்தின் தலைவர் மாக்ஸ் மோஸ்லியே அந்த வேலைப்பாட்டை வியந்து பேசினார். அவர் வியப்பு எனக்குப் புரிகிறது. அதுதான் சங்கடம்.

ஏனெனில் நானும் அந்த ஜாதி. ஆபீஸில் நான் எழுதுகிறவன் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் மானேஜர் எதிரில் என் கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டபோது, நான் கவனித்தது கட்டுரையைப் பற்றி அவர் சொன்னதை அல்ல, மானேஜரின் முகத்தை. அதுவரை அதை அடக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவன் கார் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஒரு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரனிடம் அந்த ஓடு எனக்கும் சேர்த்துப் பேசும்.

பெரியதையே மாட்டு, எழுதிக்கொடு என்றேன்.

"எழுதிக்கொடுத்தா ஒத்துக்க மாட்டாங்க மாமா."

"அப்ப ரோட்டுல ஓட்டாதே. லாரியில ஏத்திக்கிட்டுப் போ."

சிரித்தான். போன வாரம் வந்து, கேட்காமலே பானெட்டைத் திறந்து காட்டினான். கம்பெனி டர்போ. வெகுநேரம் பார்த்தேன். எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.