சிரி என்றொரு பெண்

எங்களுடையது வானம் பார்த்த பூமி. ஆனாலும் ஐப்பசியில் நாலு நாள் மூடாப்புப் போட்டுவிட்டால் தேங்காய்க் களம் வைத்திருப்பவனுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். உடைத்த காயை வாய் மேலே பார்க்கப் பரப்பினால், ரெண்டு மூணு நாள் வெயிலில் பருப்பு தொட்டியை விட்டு விலகி வரும். அதைத் தனியே எடுத்து மறுபடியும் காயப்போட வேண்டும். நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் பூஞ்சை ஏறிவிடும். அதனால் தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கல்லை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போன வருஷத் தீபாவளி விடுமுறை அப்படித்தான் போனது. கோயமுத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் வந்திருந்தாள். திண்ணையில் லேப்டாப்பை வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லாததால் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

விளையாட்டின் பெயர் ‘தி விட்சர் 3’. போலந்து நாட்டில் செய்தது, 2015-ல் வெளிவந்தது. உலகம் முழுக்க 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறதாம். கூலிக்குப் பேய் பிசாசுகளை வேட்டையாடும் கெரால்ட் என்ற நரைமுடிக்காரன்தான் நாயகன். போர் நடந்து முடிந்த நாடு. மரத்துக்கு மரம் ஆளைத் தூக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊரெல்லாம் பஞ்சம், கொள்ளை. இந்த இருட்டுக்குள் அவன் தேடிப் போவது, தான் பெறாமல் வளர்த்த ஒரு பெண்ணை. அவள் பெயர் சிரி. மகள் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு அது பெயராகவே கேட்கவில்லை. யாரோ யாரையோ பார்த்து ‘கொஞ்சம் சிரி’ என்று கெஞ்சுவதுபோல இருந்தது. கடைசிவரைக்கும் அப்படியேதான் கேட்டது.

அந்த விளையாட்டில் ஒரு கோட்டைத் தலைவன் வருகிறான். குடிகாரன். பெண்டாட்டியை அடிப்பவன். அவள் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்துபோகிறது. அவளும் பெரிய மகளும் வீட்டை விட்டு ஓடிவிடுகிறார்கள். பெயர் வைக்காமல், சடங்கு செய்யாமல் புதைத்த அந்தக் கரு பேயாகி இருட்டில் அலைகிறது. அதை வெட்டிப் போடலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி வந்து, பெயர் சொல்லி, ‘நீ என் பிள்ளை’ என்று ஒப்புக்கொண்டு வாசற்படியில் புதைத்தால் அது வீட்டைக் காக்கும் தெய்வமாகிவிடும். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுகிற நாட்டுக்காரனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவள் இறக்கிவைக்க முடியாமல் போன பாரத்தைப் போகிற வருகிறவர்களெல்லாம் கொஞ்சம் இறக்கிவைத்துப் போகட்டும் என்று நட்ட கல் அது.

அதே கதையில் இன்னொரு முடிச்சு. ஒரு மரத்தடியில் அடைபட்டுக் கிடக்கும் ஆவி, தன்னை விடுவித்தால் சூனியக்காரிகளிடம் மாட்டியிருக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கும். ஆனால் அந்த ஆவி ஒரு கிராமத்தையே அழித்துவிடும். அதே சூனியக்காரிகளிடம் மாட்டிய கோட்டைத் தலைவனின் மனைவி செத்துப்போக, அவனும் தூக்குப் போட்டுக்கொள்வான். கொன்றுவிட்டால் அவள் புத்தி பேதலித்தாவது உயிரோடிருப்பாள், குழந்தைகள் கதி அதோகதி. எதை எடுத்தாலும் கை கறையாகும். இந்த விளையாட்டில் இதுதான் உச்சம் என்று மகளின் தோழிகள் எல்லாரும் சொல்வார்களாம். நானும் ரொம்ப நேரம் குழம்பித்தான் போனேன். ஆனால் ஐம்பத்திரண்டு வயசுக்கு யோசித்துப் பார்த்தால், ஊரா குழந்தைகளா என்று தராசைத் தூக்கிப் பிடிக்கும் சந்தர்ப்பம் எனக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை. பெரும்பாலான ஆட்களுக்கு வாய்க்காது. நம்மைப் பிடித்துச் சோதிப்பது வேறு.

“நீங்களே சொல்லுங்கப்பா, இனிமேப்பட்டு நீங்க சொல்றதத்தான் அமுக்குவேன்” என்று மகள் சொன்னது அதற்கப்புறம்தான். சிரி கிடைத்துவிட்டிருந்தாள்.

முதலில் ஒரு சாவு. கெரால்டுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்த கிழவர் சண்டையில் இறந்துபோகிறார். தன்னால்தான் என்று சிரி ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். கெரால்ட் என்ன சொல்லலாம்? எல்லாத்துலயும் கெட்டிக்காரியா இருக்கணும்னு இல்ல, விடு என்று ஒரு பதில். உன் மனசு எதுல தேறும்னு எனக்குத் தெரியும் என்று இன்னொரு பதில். நான் முதல் பதிலைச் சொன்னேன். மார்க் குறைந்து வந்த பிள்ளையிடம் எந்தத் தகப்பனும் சொல்வதுதானே. அடுத்து, அவளைப் பெற்ற அப்பன், ஒரு சக்கரவர்த்தி. கூட்டிப்போய் விட்டதும் பேசிய கூலியை நீட்டுகிறான். “உழைச்ச கூலி, வாங்கறதுல என்ன தப்பு?” என்றேன். அப்புறம் மந்திரக்காரிகளின் சபை ஒன்று அவளைப் பேசக் கூப்பிடுகிறது. கூடப் போகலாம், தனியாக அனுப்பலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? “கூடப் போகோணுமம்மணி, அவளுகளுக்கு நடுவுல ஒத்தையா உட்ற முடியுமா?” பிறகு, அவளுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தவனின் ஆராய்ச்சி அறை. தன்னைப் பற்றி அங்கே தெரியவந்ததில் கொதித்துப்போய் நிற்கிறாள். சாமான்களைப் போட்டு உடைக்க விடலாமா, அடக்கலாமா? அடக்கச் சொன்னேன். அடுத்தவர் பொருள்.

கடைசியில் ஒரு சமாதி. ஆபத்தில் அவளுக்கு உதவி, பிறகு செத்துப்போன ஒரு பையன். ஊரார் அவனைக் கோழை என்று பழித்துவிட்டார்கள். அவன் சமாதிக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்கிறாள். சண்டை தலைக்கு மேலே நிற்கிறதே, நேரமில்லை என்றேன். சொல்லி முடித்ததும் உள்ளே ஏதோ இடித்தது. எங்கள் பக்கம் எழவு கேட்கப் போகாத பங்காளி பங்காளியே இல்லை. கரூரில் சாவு என்றாலும் தாராபுரத்தில் சாவு என்றாலும் களத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு பெண்ணின் துக்கத்துக்கு என் வாயில் நேரமில்லை என்று எப்படி வந்தது?

இந்த ஐந்து இடங்களும் முக்கியம் என்று விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. மணி அடிப்பதில்லை, புள்ளி ஏறுவதில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு முடிவு வந்தது. உலகத்தையே உறையவைக்க வரும் பனியை எதிர்த்து சிரி தனியாகக் கோபுரத்துக்குள் போகிறாள். போகும்போது, நாங்கள் தேர்ந்த பழைய காட்சிகள் அவள் நினைவில் மின்னி மறைகின்றன. அவள் திரும்பி வரவில்லை. கெரால்ட் ஒரு சதுப்புக் காட்டுக்குப் போய், மிச்சமிருந்த சூனியக்காரியைக் கொன்று, சிரி வைத்திருந்த ஓநாய் முகப் பதக்கத்தை மட்டும் எடுக்கிறான். குடிசைக்குள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெளியே பேய்கள் சூழ்கின்றன. அவன் எழுந்திருக்கவேயில்லை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க ஒண்ணும் கெட்டதாச் சொல்லலீங்கப்பா. ஆனா அவள யாருமே எதுவுமே கேக்கல.”

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. தார்ப்பாய் மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தங்காள் நினைவுக்கு வந்தாள்.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இங்கே பக்கத்தில் இருக்கும் ஓலப்பாளையத்தில்தான், 1965 வாக்கில், பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் உடுக்கையடிப் பாட்டாக இந்தக் கதை முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார். பிற்பாடு புத்தகமாகவும் வந்தது. பொன்னர் பொறுமைசாலி, சங்கர் முன்கோபி. இருவருக்கும் உயிர், தங்கை அருக்காணித் தங்காள். ஊஞ்சலில் உட்காரவைத்துத் தாங்கினார்கள். கிளி வேண்டும் என்று அவள் கேட்டதற்காக வேட்டுவர் காட்டுக்குள் போய்ப் பிடித்து வந்தார்கள். வேட்டுவர்களோடு பகை முற்றியதற்கு அந்தக் கிளியும் ஒரு காரணம் என்று பாடுவார்கள். பாசத்தால் எடுத்த முடிவு எந்தப் படுகளத்தில் போய் நிற்கும் என்பது எடுக்கிற நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. விட்சர் கதைக்காரர்களுக்கு முன்னாலேயே எங்கள் பாட்டுக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் அன்று என்னை அரித்தது கிளி அல்ல, கனவு. நடக்கப்போகும் கேட்டைத் தங்காள் கனவில் முன்கூட்டியே காண்கிறாள். அண்ணன்களிடம் சொல்கிறாள். அவர்கள் போய்ப் போர்க்களத்தில் மாண்டுவிடுகிறார்கள். தங்கைக்காக உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கு அவள் சொல்லைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சாவை நடித்துக் காட்டும் படுகளச் சடங்கு ஒன்றைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அருள் வந்த ஆண்கள் பிணம்போல வரிசையாகச் சாய்ந்து கிடப்பார்கள். வேட்டியால் மூடிவிடுவார்கள். கூட்டம் மூச்சுவிடாது. தங்காள் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஒவ்வொருவராக அசைவார்கள். எழுப்பும் சக்தி முழுக்க அவள் கையில் இருக்கிறது என்று ஊரே நம்புகிறது. அந்தக் கை அதற்கு முன்னால் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

போன வருஷம் சித்திரையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு வந்த மகள், ஒரு நடைக் காயை முழுக்கத் தானே காயவைக்கிறேன் என்றாள். ஏழு நாள். காலையில் பரப்புவதும், சாயங்காலம் குவித்து மூடுவதும், பருப்பை ஒடித்துப் பார்த்து ஈரம் சோதிப்பதும் எல்லாம் அவளேதான். கை முழுக்கத் தொட்டி கிழித்த கோடுகள். ஏலத்துக்கும் வருகிறேன் என்றாள், கூட்டிப்போனேன். வியாபாரி ஒருவர் அவள் பருப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு இரண்டாம் தரம் என்றார். “எதனால இரண்டாம் தரம்னு சொல்றீங்க?” என்று கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை. அவர் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். “சின்னப் புள்ளைங்க, தெரியாமக் கேக்குது. நீங்க போடுங்க.” நாலு பேருக்கு நடுவில் யாரும் அவளை எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான். அவள் சாக்குகளைப் பார்த்தபடியே நின்றாள். வரும் வழியில் வண்டியில் பாட்டுப் போட்டேன். கையை நீட்டி நிறுத்திவிட்டாள்.

அவளுக்காகப் பேசியதாகவே ஐப்பசி வரைக்கும் நினைத்திருந்தேன்.

அண்ணன்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கெட்டவன் கெடுதல் செய்தால் கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம். அன்பானவன் செய்வதற்கு அன்பு என்றே பெயர் இருப்பதால் அவனிடமே போய்ச் சொல்வதற்குக்கூடச் சொல் கிடைப்பதில்லை. என் மகள் ஆறு மாசம் சொல்லவில்லை. ஒரு விளையாட்டில் என் வாயாலேயே ஐந்து தடவை சொல்லவைத்த பிறகுதான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். சித்திரையைப் பற்றி அவள் பேசவில்லை. நானாகத்தான் பேசினேன், மறுநாள் காலையில், தார்ப்பாய்த் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும்போது. “அன்னைக்கு நான் குறுக்க பேசியிருக்கக் கூடாது சாமி” என்றேன். அவள் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாள். “செரி, அந்தப் பக்கம் இழுங்கப்பா” என்றாள்.

விடுமுறை முடிவதற்குள் அந்த முதல் இடத்தை அவள் மறுபடி விளையாடிக் காட்டினாள். இந்தத் தடவை மற்ற பதில். கெரால்ட் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கீழே குனிந்து ஒரு பிடி பனியை உருட்டி அவள் மேல் எறிகிறான். அவள் திகைத்து, திருப்பி எறிகிறாள். அந்தச் செத்த வீட்டு முற்றத்தில் ரெண்டு பேரும் பனியில் புரள்கிறார்கள். சிரி சிரித்தாள்.

மாசியில் எங்கள் வீரக்குமாரசாமி கோயில் தேர். அந்தக் கோயிலுக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. வெளியில் நின்றுதான் கும்பிடுவார்கள். மகள் தேருக்கு வந்திருந்தாள். அர்ச்சனைத் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றாள். எத்தனையோ வருஷமாக அவள் அங்கே நிற்கிறாள், அவள் அம்மா நிற்கிறாள், என் அம்மா நின்றாள். திருநீற்றோடு திரும்பி வந்தபோது, இங்கே நின்றால் உள்ளே நடப்பதில் என்ன தெரியும் என்று பார்த்தேன். மணிச்சத்தம் கேட்கிறது. முன்னால் நிற்கிற ஆண்களின் முதுகு தெரிகிறது.

அடுத்த ஏலத்துக்குப் பதினொரு மூட்டை ஏற்றினோம். அவள் காயவைத்தது நாலு மூட்டை. ஏலக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் சீட்டை அவள் கையில் கொடுத்தேன். கேள்வியாகப் பார்த்தாள். “நீ போய்ட்டு வா அம்மணி, நான் இங்க இருக்கறேன்.” துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது. அதற்குப் பதிலாக ஓர் ஆணின் குரல், மறுபடி அவள் குரல். என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழவில்லை. கால் தன்பாட்டுக்கு வாசலைப் பார்த்து ரெண்டு எட்டு வைத்தது. திரும்பி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.